புகையின் வழி

சோழ நாடு நெல்லுக்குப் பெயர் பெற்ற நாடு. மேட்டூர் அணையிலிருந்து இறங்கி வரும் காவிரி, கல்லணையை அடைந்து, அங்கிருந்து பல கிளைகளாகப் பிரிந்து, தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களின் வயல்களை வளப்படுத்துகிறது. மார்கழித் திங்களில் அவ்வயல்களில் சம்பாப் பயிர் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கும். விடியற்காலையில் வரப்பின்மேல் நின்று பார்ப்போருக்கு எதிர்க்கரைத் தென்னந்தோப்பும் புலப்படாது. வெண்மையான திரை ஒன்று எங்கும் பரந்து கிடக்கும். அது பனி. கதிரவன் மேலெழுந்ததும் அது கரைந்து மறையும்.

ஆனால், பின்பனிக் காலத்தில் வரும் சில நாள்களில், உச்சிப் பொழுதாகியும் வானம் தெளிவதில்லை. நீலநிறம் வெளுத்துச் சாம்பல் பூத்தது போலத் தோன்றும். தொலைவிலுள்ள கோபுரமும் மங்கலாகவே தெரியும். பனியாயின் வெயிலில் கரைந்திருக்க வேண்டும் அன்றோ? கரையாது நிற்கும் இதனைப் பனி என்று கூறுதல் பொருந்தாது. இது புகையும் தூசியும் கலந்த மாசு. அருகில் எங்கும் பெருந்தீ எரியவில்லை. புழுதிக் காற்றும் வீசவில்லை. அங்ஙனமாயின் இம்மாசு எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காண்பது நெடுங்காலம் அரிய செயலாகவே இருந்தது.

காற்று எப்பொருளை எவ்வளவு தொலைவு சுமந்து செல்லும் என்பதை நம் உழவர் களத்துமேட்டிலேயே கண்டறிந்துள்ளனர். முறத்திலே நெல்லை ஏந்திக் காற்று வீசும் திசையறிந்து தூற்றுவர். கனமான நெல்மணி காலடியிலேயே விழும். பதர் சற்றுத் தள்ளி விழும். துரும்பும் தூசும் களத்தைக் கடந்து பறந்து செல்லும். வானிலும் நிகழ்வது இதுவே. புழுதிக்காற்று எழுப்பும் பெருமணல் விரைவில் நிலத்தில் விழுந்துவிடும். நுண்ணிய தூசு பல நூறு கிலோமீட்டர் செல்லும். புகையின் துகள்களோ அவற்றினும் நுண்ணியவை. அவற்றுட் பெரும்பாலானவை நம் தலைமயிரின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவானவை. மழை வந்து கழுவினாலன்றி அவை எளிதில் நிலம் சேர்வதில்லை. மழையற்ற நாள்களில் ஒரு வாரமோ அதற்கு மேலுமோ அவை வானில் மிதந்து திரியும். காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று கொள்வோம். ஒரு நாளில் அது 480 கிலோமீட்டர் செல்லும். நான்கே நாள்களில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டரைக் கடந்துவிடும். கங்கைச் சமவெளியில் எழுந்த புகை காவிரிச் சமவெளியை அடைவதற்கு அத்துணை நாள்களே போதும்.

இத்தகைய நெடும் பயணத்தைத் தமிழகம் ஒருமுறை வியப்புடனும் அச்சத்துடனும் கண்டதுண்டு. 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள், சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையேயுள்ள கிராக்கடோவா என்னும் தீவில் எரிமலை வெடித்தது. அதன் நுண்தூசு வானத்தின் மிக உயர்ந்த அடுக்குகளை எட்டியது. ஏறத்தாழ இரு வாரங்கள் கழித்து, செப்டம்பர்த் திங்களில், இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் கதிரவன் பச்சை நிறமாகத் தோன்றியது. மக்கள் திகைத்தனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து வந்த மிச்சி ஸ்மித் என்பார், அப்பச்சை ஒளியை நிறமாலைக் கருவியின் துணைகொண்டு ஆராய்ந்தார். இவரே பிற்காலத்தில் கோடைக்கானல் வானாய்வு நிலையத்தின் தலைவராக விளங்கியவர்.

அத்தூசு உலகை எவ்வழியே சுற்றி வந்தது என்பதை அறிய அந்நாளில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. எந்த ஊரில் எந்த நாளில் கதிரவன் நிறம் மாறியது என்று உலகெங்குமிருந்து வந்த மடல்களையும், கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகளையும் ஒன்றுசேர்த்து, நிலப்படத்தில் புள்ளியிட்டுப் பார்த்தல் வேண்டும். இலண்டன் அரச கழகத்தார் அவ்வாறே செய்தனர். அவர்தம் அறிக்கை வெளிவந்தது 1888-ஆம் ஆண்டில்தான். சில வாரங்களில் நிகழ்ந்த பயணத்தின் வரலாற்றை எழுதி முடிக்க ஐந்து ஆண்டுகள் ஆயின!

இத்தாமதத்திற்குக் காரணம் யாது? பார்ப்பவர் அனைவரும் நிலத்தில் நின்று மேல்நோக்கிப் பார்த்தனர். வரப்பில் நிற்பவனுக்குத் தன் ஊர்ப் புகை மட்டுமே தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமுள்ளது. அதன் உச்சியிலிருந்து பார்க்க இயலுமாயின், பல ஊர்களின் புகை தெரியும். இன்னும் உயரே செல்லச் செல்லப் பார்வை விரிந்துகொண்டே போகும். புகை முழுவதையும், அதன் தொடக்கத்தையும் முடிவையும் ஒருங்கே காண விரும்பினால், காற்று மண்டலத்திற்கு வெளியே சென்று கீழ்நோக்கிப் பார்த்தல் வேண்டும். அத்தகைய கண்ணே செயற்கைக்கோள்.

வானிலையைப் படம் பிடிப்பதில் வெற்றி பெற்ற முதற் செயற்கைக்கோளை அமெரிக்கா 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் ஏவியது. 1983-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் இந்தியாவின் இன்சாட்-1பி விண்ணில் செலுத்தப்பட்டது. கிராக்கடோவா வெடித்து நூறாண்டு நிறைந்த அதே வாரத்தில் இது நிகழ்ந்தமை இனிய ஒற்றுமையாகும். அதன்பின் இன்சாட்-3டி 2013-ஆம் ஆண்டிலும், இன்சாட்-3டிஆர் 2016-ஆம் ஆண்டிலும், இன்சாட்-3டிஎஸ் 2024-ஆம் ஆண்டிலும் விண்ணேறின.

இவ்விண்கோள்கள் இருவகைப்படும். முதல்வகை, நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. நிற்பது என்று கூறினும் அது ஓயாது சுற்றிக்கொண்டே இருக்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றும் நேரத்திலேயே அதுவும் ஒருமுறை சுற்றுவதால், நமக்கு ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றுகிறது. இன்சாட் வரிசையின் வானிலைக் கோள்கள் இவ்வகையின. அரை மணிக்கு ஒருமுறை அவை இந்தியா முழுவதையும் கடல்களையும் படம் பிடித்து அனுப்பும். அப்படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், புகைப்படலம் ஊர்ந்து செல்வதைக் கண்ணாரக் காணலாம். இரண்டாம் வகை, 700 அல்லது 800 கிலோமீட்டர் உயரத்தில், வடதுருவத்தையும் தென்துருவத்தையும் ஒட்டிச் சுற்றி வருவது. ஏறத்தாழ நூறு நிமிடத்தில் அது பூமியை ஒருமுறை வலம் வந்துவிடும். அருகிலிருந்து பார்ப்பதால் அதன் பார்வை கூர்மையானது. ஆயினும் ஓர் ஊரின் மேல் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையுமே அது கடந்து செல்லும். முன்னது ஊர்க்காவலனைப் போல விடாது பார்த்திருக்கும். பின்னது மருத்துவரைப் போல வந்து நுணுகிப் பார்த்துச் செல்லும். இரண்டும் நமக்கு வேண்டுவனவே.

மேலிருந்து பார்க்கும்போது மேகம், புகை, தூசி ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்? நிறம் முதற் சான்றாகும். மேகம் தூய வெண்மையாகவும், புகை நீலங்கலந்த சாம்பல் நிறமாகவும், பாலைத் தூசி மங்கிய பழுப்பு நிறமாகவும் தோன்றும். வடிவம் இரண்டாம் சான்று. தீப்பற்றிய இடத்தில் புகை ஒரு புள்ளியில் தொடங்கி, காற்று வீசும் பக்கம் கூந்தல் போல விரியும். ஆனால், கண்ணை மட்டும் நம்பியிருப்பது போதாது. செயற்கைக்கோளின் கருவி, நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களையும் உணரவல்லது. நுண்ணிய புகைத்துகள் குறுகிய அலையுள்ள நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்யும். நீண்ட அலைகளை எளிதில் கடந்து செல்ல விட்டுவிடும். தூசியின் பெருந்துகளோ இரண்டையும் சிதறச் செய்யும். ஆகவே, ஓர் இடத்தைப் பல அலைகளில் படமெடுத்து ஒப்பிட்டால், அது புகையா தூசியா என்பது வெளிப்படும். அகச்சிவப்புப் பகுதியில் அடுத்தடுத்துள்ள இரண்டு அலைகளை ஒப்பிடுவதன் வாயிலாக, நள்ளிரவிலும் தூசிப்படலத்தைக் கண்டறிவர்.

தீயைக் காண்பதும் இம்முறையே. கொதிக்கும் பொருள் ஒவ்வொன்றும் தன் வெப்பத்திற்கேற்ப அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. எரியும் காடு அல்லது வயல், சுற்றிலுமுள்ள நிலத்தைவிடக் குறிப்பிட்டதோர் அலையில் மிகப் பிரகாசமாக ஒளிரும். அப்புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கணக்கிட்டு, தேராதூனிலுள்ள இந்திய வன அளவைத் துறையினர் மாநிலங்களுக்கு எச்சரிக்கை அனுப்புகின்றனர். 2004-ஆம் ஆண்டு முதல் இப்பணி நடைபெற்று வருகிறது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவி, மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காட்டுத்தீயில் காலம் எத்துணை அரியது என்பதை அத்துயரம் நமக்கு உணர்த்துகிறது. எச்சரிக்கை விரைந்து வருவதும், வந்த எச்சரிக்கை மலையடிவாரத்திலுள்ள கடைசி மனிதன் வரை சென்று சேர்வதும் ஒன்றுபோலவே இன்றியமையாதன.

இனி, நம் தொடக்க வினாவிற்கு வருவோம். காவிரிச் சமவெளியின் மேலும் அதனை அடுத்த கடல்களின் மேலும் பரவும் மாசு யாது? அதனை முறையாக ஆராய்ந்தவருள் முதன்மையானவர் தமிழகத்தைச் சேர்ந்த வீரபத்ரன் இராமநாதன் ஆவார். கொள்ளிடத்திற்கு வடக்கே, சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் பொறியியல் பயின்று 1965-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று காற்று மண்டல ஆராய்ச்சியில் புகழ் எய்தினார். அவரும், நோபெல் பரிசு பெற்ற பால் குருட்சன் என்னும் அறிஞரும் தலைமை தாங்க, 1999-ஆம் ஆண்டின் முதல் மூன்று திங்களில் இந்துமாக்கடல் ஆய்வு நடைபெற்றது. மாலத்தீவுகளை நடுவிடமாகக் கொண்டு, இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் அறிவியலறிஞர்கள் அதில் பங்கு கொண்டனர். வானூர்திகள் மாசினூடே பறந்தன. நம் நாட்டின் சாகர் கன்யா என்னும் ஆய்வுக்கப்பல் கடலில் உலவியது. செயற்கைக்கோள்கள் மேலிருந்து நோக்கின.

அவ்வாய்வில் தெரிய வந்த செய்தி உலகையே விழிப்படையச் செய்தது. தைத் திங்கள் முதல் பங்குனி வரை, வடகிழக்கிலிருந்து வீசும் காற்று, தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் எழும் புகையை வாரிக்கொண்டு வங்கக் கடல் மீதும், அரபிக்கடல் மீதும், நிலநடுக்கோடு வரையிலும் பரப்புகிறது. அப்படலத்தின் தடிப்பு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அதன் துகள்களில் ஐந்தில் நான்கு பங்கு மனிதர் செயலால் விளைந்தவை. விறகடுப்பு, நிலக்கரி உலை, வண்டிகளின் புகைபோக்கி, எரிக்கப்பட்ட வயல் ஆகிய அனைத்தும் அதில் கலந்திருந்தன. கடற்பரப்பை எட்ட வேண்டிய கதிரொளியில் பத்து விழுக்காட்டளவை அது தடுத்து நிறுத்தியது.

பத்து விழுக்காடு ஒளி குறைவதனால் என்ன கேடு என்று சிலர் எண்ணலாம். நெற்பயிருக்கு ஒளியே உணவாகும். பூத்தது முதல் கதிர் முற்றும் வரையுள்ள ஏறத்தாழ முப்பது நாள்களில், இலைகள் கதிரொளியால் ஆக்கும் மாவுப்பொருளே மணியில் சென்று நிறைகிறது. அந்நாள்களில் ஒளி குன்றினால் மணி முழுமையாகத் திரளாது, பதர் மிகும். இதுமட்டுமன்று. நிலத்தையும் கடலையும் ஒளி குறைவாகச் சூடேற்றினால், கடல்நீர் ஆவியாவது குறையும், மழையும் பிறழக்கூடும். மாசுப்படலமும் புவியின் வெப்பமும் சேர்ந்து, இந்தியாவில் மழையை நம்பி விளையும் நெல்லின் விளைச்சலைக் குறைத்துள்ளன என்று, இராமநாதனும் அவர்தம் துணைவரும் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகிறது. காவிரிப் படுகை ஆற்றுப் பாசனத்தை உடையது. ஆயினும் அந்த ஆற்றின் நீரும் குடகு மலையில் பெய்யும் மழையே அன்றோ? வானம் மாறினால் வாய்க்காலும் மாறும்.

செயற்கைக்கோளின் ஆற்றலை அறிந்த நாம், அதன் குறையையும் அறிதல் வேண்டும். மேகம் மூடியிருக்குமாயின் அதற்குக் கீழுள்ள புகை தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் நம் வயல்களின்மேல் அதன் கண் பெரிதும் மறைக்கப்படுகிறது. கருமையான கடலின்மேல் புகை எளிதில் புலப்படும். வெளிறிய மணல்மேல் அது கலந்து மறையும். புகை நிலத்தை ஒட்டியுள்ளதா, மிக உயரத்தில் மிதக்கிறதா என்பதும் படத்தில் தெளிவாகாது. நம் மூக்கோ நிலத்தருகே இருக்கிறது! இக்குறையை நீக்க, 2006-ஆம் ஆண்டு முதல் 2023-ஆம் ஆண்டு வரை கேலிப்சோ என்னும் விண்கோள் லேசர் ஒளியைக் கீழே செலுத்தி, அது எதிரொளித்து மீளும் நேரத்தைக் கொண்டு படலத்தின் உயரத்தை அளந்தது. ஊர்தோறும் நிறுவப்படும் காற்று அளவைக் கருவிகளும் இவ்வகையில் துணை செய்கின்றன. விண்ணிலுள்ள கண்ணும் மண்ணிலுள்ள கருவியும் ஒன்றுக்கொன்று சாட்சி கூறினாலன்றி உண்மை முழுமையாகாது.

மற்றொரு குறை மனிதரால் நேர்வது. பஞ்சாப், அரியானா மாநிலங்களில் ஐப்பசித் திங்களையொட்டி நெல் அறுத்த தாளை உழவர் பலர் தீயிட்டுக் கொளுத்துவதுண்டு. துருவவழிச் செல்லும் விண்கோள்கள் நண்பகலுக்குப் பின் ஒன்றரை மணியளவில் அவ்வழியே கடந்து சென்று தீப்புள்ளிகளை எண்ணும். எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வந்தது. ஆனால் புகை அதற்கேற்பக் குறையவில்லை. ஓரிடத்தில் நின்று நோக்கும் விண்கோள்களின் படங்களை ஆராய்ச்சியாளர் 2024-ஆம் ஆண்டில் ஒப்பிட்டபோது காரணம் புலனாயிற்று. தீ வைக்கும் நேரம் மாலைப்பொழுதை நோக்கி நகர்ந்திருந்தது. ஒரு கண்ணுக்குத் தப்பியது மற்றொரு கண்ணுக்குத் தப்பவில்லை.

இத்துறையின் வளர்ச்சியை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று நன்கு காட்டும். 2025-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், எத்தியோப்பியாவில் ஹேலி குப்பி என்னும் எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் செங்கடலையும் அரபு நாடுகளையும் கடந்து, மறுநாள் இரவு வட இந்திய வானத்தை அடைந்தது. அது வந்து சேருமுன்னரே விண்கோட்படங்களைக் கொண்டு அதன் வழி கணிக்கப்பட்டது, வானூர்திகள் எச்சரிக்கப்பட்டன, சில பயணங்கள் கைவிடப்பட்டன. 1883-ஆம் ஆண்டில் பயணம் முடிந்து ஐந்தாண்டுகள் கழித்து அறியப்பட்ட செய்தி, இன்று பயணம் முடிவதற்கு முன்பே அறியப்படுகிறது!

எனினும், விண்கோள் புகையைக் காட்டுமேயன்றி அதனை அணைக்காது. அணைக்கும் பொறுப்பு நம்முடையது. வடக்கிலிருந்து வரும் மாசைக் குறை கூறும் நாம், நம் ஊரில் எழும் புகை எங்குச் செல்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். போகியன்று பழம்பொருள்களைக் கொளுத்துகிறோம். 2018-ஆம் ஆண்டுப் போகி நாளில் அப்புகையும் பனியும் கலந்து சென்னை வானூர்தி நிலையத்தில் பயணங்கள் தடைப்பட்டன. காவிரிப் படுகையில் முன்னாளில் வைக்கோல் வீணானதில்லை. கதிரைக் கையால் அறுத்து, களத்தில் அடித்து, வைக்கோலைப் போராக வேய்ந்து ஆண்டு முழுதும் மாட்டுக்கு இட்டனர். அறுவடை இயந்திரங்கள் வந்தபின் தாள் வயலிலேயே சிதறிக் கிடக்கிறது. அதனை வாரி எடுக்க ஆளும் நேரமும் இன்றிச் சிலர் தீயிடுகின்றனர். இன்று வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரங்களும் வந்துள்ளன. அவ்வாறு கட்டிய வைக்கோல் மாட்டுத் தீவனமாகவும், காளான் வளர்ப்புக்கும் பயன்படும். வயலிலேயே மடக்கி உழுதால் மண்ணுக்கு உரமாகும். தீயிட்டாலோ உரமும் போய், தீவனமும் போய், எஞ்சுவது புகையே.

அந்தப் புகைக்கு ஊர் எல்லையும் இல்லை. மாநில எல்லையும் இல்லை. நாகையில் எழுந்தது கடலைக் கடந்து செல்லும். கங்கைக் கரையில் எழுந்தது காவிரிக் கரைக்கு வரும். ஒருவர் விடும் புகையே மற்றொருவர் உள்ளிழுக்கும் மூச்சு. வரப்பில் நின்று நோக்கிய காலத்தில் இவ்வுண்மை நமக்குப் புலப்படவில்லை. விண்ணில் ஏறி நோக்கியபின் அது ஐயத்திற்கு இடமின்றி விளங்கிவிட்டது. அறியாமல் செய்த காலம் கழிந்தது; இனி அறிந்து நடப்பதே கடன்.